குப்பன் யார்?

"குப்பனும் சுப்பனும் பேச வந்துவிட்டார்கள்!" என்று ஏளனம் செய்வோர் உண்டு. மேடையிலே சொல்வர், தேநீர்க் கடையிலே சொல்வர், கற்றவர் எனப்படுவோர் கூடும் மன்றத்திலும் சொல்வர். பேரும் புகழும் அற்றவன், பொருளும் பதவியும் அற்றவன், மதிக்கத் தேவையற்றவன் - இப்படி ஒருவனைக் குறிக்க வேண்டுமானால் நாவின் நுனியிலே வந்து நிற்கும் பெயர் குப்பன்! யார் இந்தக் குப்பன்? அவனுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது? இன்று அவன் எங்கே போனான்? என்றேனும் கேட்டோமா?

நம்மைக் கேட்க வைத்தவன் ஒரு சிறுவன். நாம் ஆசிரியப் பணி புரிவது சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த ஒரு பள்ளியில். குடும்ப வழிமுறையை மரம்போல் வரைந்து வருமாறு மாணவர்களிடம் சொல்லியிருந்தோம். ஒருவன் மட்டும் பாட்டன் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வந்திருந்தான். "பெயர் தெரியாதா?" என்றோம். "தெரியும் சார்" என்றான். "பிறகு ஏன் எழுதவில்லை?" என்றோம். தலை கவிழ்ந்தான். மீண்டும் கேட்டபோது, பிறர் செவிக்கு எட்டாத மெல்லிய குரலில், "குப்பன்" என்றான். எட்டிவிட்டது. வகுப்பு முழுவதும் சிரித்தது. மறைப்பானேன்? நம் இதழிலும் ஒரு கணம் புன்னகை அரும்பிற்று.

அன்றிரவு அந்தப் புன்னகை நம்மைச் சுட்டது. வரலாறு படித்துப் பட்டம் பெற்றோம்; பல்லவர் பட்டங்களை மனப்பாடமாய் ஒப்பித்தோம்; ஒரு பாட்டனின் பெயருக்குப் பொருள் தெரியாமல் சிரித்தோமே! அந்த வெட்கமே இந்தக் கட்டுரைக்கு வித்து.

கல்லிலே ஏறிய பெயர்கள்

நம் செங்கற்பட்டு வட்டாரத்திலே பழம்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. வல்லத்துக் குடைவரையில் ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. மன்னன் மகேந்திரவர்மன் ஒருவனுக்கே பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று பட்டங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரிய அரசனின் மகன் கந்தசேனன் அக்கோயிலைச் செய்வித்தான் என்று கல் கூறுகிறது. பதினான்கு நூற்றாண்டுகள் உருண்டோடியும் தந்தையின் பெயர் நிற்கிறது. மகனின் பெயர் நிற்கிறது. பாறையைக் குடைந்த கைகளுக்கு உரியவரின் பெயரோ அங்கே இல்லை.

உத்திரமேரூருக்குச் செல்வோம். 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஓலையிலே பெயரெழுதிக் குடத்திலே இட்டு, சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறை அது. மக்களாட்சியின் தொட்டில் என்று அதைப் பாராட்டுகிறோம். பாராட்டுவோம்; உடனே ஒரு கேள்வியும் கேட்போம். குடத்துக்குள் புகுந்த பெயர்கள் எவருடையவை? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவர் பெயர்கள்! அந்த நிலத்தை உழுதவனின் பெயர் ஓலைக்கு வரவில்லை. அவன் மனைவியின் பெயரை எழுத எவரும் எழுத்தாணி எடுக்கவில்லை.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியிலே மட்டும் சற்று ஆறுதல் கிடைக்கிறது. அங்குள்ள பாறையொன்றில் கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் முதலிய உழைப்பாளர் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. உளி பிடித்தவர்கள், ஆகவே தம் பெயரைத் தாமே பொறிக்க முடிந்தது. ஏர் பிடித்தவனுக்கு உளி ஏது? அவன் பெயரை எந்த ஏட்டிலே தேடுவது?

அயர்லாந்தின் ஏடு

இதற்கு விடை தேட, கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்த்து வருவோம். நம்மைப் போலவே ஆங்கில ஆதிக்கத்தில் அழுந்திய நாடு அயர்லாந்து. அங்கே பழைய மக்கள் கணக்கு ஏடுகளுள் பெரும்பகுதி அழிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்கின் ஏடுகளில் மிகப் பல, 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாயின. அடுத்து வந்த நான்கு கணக்குகளின் ஏடுகளை ஆட்சியாளரே அழித்துவிட்டனர். எனினும் 1901, 1911 ஆகிய ஆண்டுகளில் வீடுதோறும் நிரப்பிய படிவங்கள் தப்பின. 1961இல் அவை மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அது எந்த மாவட்டத்தில் மிகுதி, எந்தச் சமயத்தாரிடம் மிகுதி, அதைத் தாங்கியவர் முதியவரா இளையவரா, எழுத்தறிந்தவரா என்று இன்று எண்ணிப் பார்க்க முடிகிறது.

அவ்வேடுகளிலே மேரிக்கு அடுத்து எங்கும் காணப்படும் பெண் பெயர்களுள் ஒன்று பிரிஜிட். அயர்லாந்துப் பெண்கள் வறுமை துரத்த அமெரிக்கா சென்று வீட்டு வேலைக்காரிகளாக உழைத்தனர். அந்நாட்டுச் செல்வர்கள் 'பிரிஜிட்' என்றாலே வேலைக்காரி என்று பொருள் கொண்டனர். நகைச்சுவை ஏடுகள் அந்தப் பெயரைக் கேலிச் சித்திரமாக்கின. நாணமுற்ற பெண்கள் பலர் தம் பெயரையே மாற்றிக்கொண்டனர். பாருங்கள் தோழர்களே! உழைப்பவள் பெயரை உண்டு கொழுத்தவன் ஏளனமாக்கினான். ஏளனத்துக்கு அஞ்சி உழைத்தவள் தன் பெயரைத் துறந்தாள். நம் குப்பனுக்கு அயல்நாட்டுத் தங்கை அல்லவா அவள்?

1911 படிவத்திலே இன்னொரு செய்தியும் உண்டு. மணமான பெண்ணிடம் இரு கேள்விகள் கேட்டு, இரு கட்டங்களில் அருகருகே எழுதினர். உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை? இன்று உயிருடன் இருப்போர் எத்தனை? முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழித்தால் அந்தத் தாயின் கண்ணீர்க் கணக்குத் தெரிந்துவிடும்.

நம் நாட்டு நிலை என்ன? சென்னை மாகாணம் முழுவதும் ஒழுங்குபட்ட தலைக்கணக்கு 1871இல் எடுக்கப்பட்டது. சாதி வாரியாக, சமய வாரியாக, தொழில் வாரியாகப் பருமனான தொகுதிகள் அச்சாயின. சாதிக் கணக்கு 1931 வரை முழு அட்டவணையாக வந்தது. மனிதனின் சாதியை அச்சிட்டவர்கள் மனிதனின் பெயரை அச்சிடவில்லை. அது எங்கும் உள்ள வழக்கந்தான். ஆனால் வீட்டுப் படிவங்களும் அயர்லாந்தில் போல ஆய்வாளர் கைக்கு வரவில்லை. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டமும் தனி மனிதரின் படிவத்தைப் பிறர் பார்வைக்குத் திறக்கலாகாது என்றே விதித்தது.

ஆகவே நமக்குக் கிட்டியவை சிறிய ஏடுகளே: பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், வாக்காளர் பட்டியலிலே 'தந்தை பெயர்' என்ற கட்டமும். புரட்டினோம். பழைய பக்கங்களிலே குப்பன், குப்பம்மாள், குப்புசாமி, குப்புராசு, குப்பாயி என்று அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. புதிய பக்கங்களிலே பிள்ளைகளின் பெயராக அது வருவதில்லை. தந்தை பெயராகவும் அரிதாகி, பாட்டன் பெயராக ஒதுங்கி நிற்கிறது.

பெயருக்குள் ஒரு சாவு

குப்பை என்ற சொல் பழந்தமிழில் இழிவான சொல்லன்று. குவியல் என்பதே அதன் பொருள். நெற்குவியலும் குப்பை, உப்புக் குவியலும் குப்பை. நெற்குப்பை என்றே ஊருண்டு. குறுந்தொகைப் புலவர் ஒருவர் குப்பைக் கோழியார் என்றே அறியப்பட்டார். ஆயினும் குப்பன் என்ற பெயர் நெற்குவியலைப் பார்த்து வைத்த பெயரன்று. அதன் பின்னணியைக் கேளுங்கள்.

ஒரு தாய்க்கு முதற்பிள்ளை இறந்தது. இரண்டாவதும் இறந்தது. மூன்றாவதும் நின்ற பாடில்லை. நான்காவது பிறந்ததும் உறவுக் கிழவிகள் அதனை எடுத்துச் சென்று குப்பை மேட்டிலே கிடத்துவர், புரட்டுவர். பிறகு வேற்றார் பிள்ளையைக் கண்டெடுப்பதுபோல் எடுத்து வந்து, 'குப்பை' என்று பெயரிடுவர். வேண்டாப் பொருளென்று எண்ணி எமன் விட்டுச் செல்வானாம், கண்ணேறும் அணுகாதாம்! அதே எண்ணத்தால், பிச்சை கேட்டுப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றும் பிச்சையம்மாள் என்றும் பெயரிட்டனர். தவிட்டுக்கு விற்று வாங்கிய பிள்ளை என்று சொல்லிக்கொண்டனர்.

அயர்லாந்து ஏட்டிலே இரண்டு கட்டங்கள் இருந்தன என்றோமே. நம் ஏட்டிலே அந்தக் கட்டங்கள் இல்லை. பெயரே கட்டமாயிற்று! குப்பன் என்று ஒருவனை அழைத்தபோதெல்லாம், அவனுக்கு முன் பிறந்து மண்ணுக்குள் சென்ற அண்ணனையும் அக்காளையும் அந்தத் தாய் எண்ணிக்கொண்டிருந்தாள். தலைமுறை செல்லச் செல்ல, பாட்டன் பெயர் பேரனுக்கு வந்ததால் வெறும் வழக்காகவும் அது வழங்கிற்று. ஆனால் வேரிலே கிடப்பது குழந்தைச் சாவு.

இது தமிழனின் தனி மடமை என்று எவரும் எள்ளி நகையாட வேண்டாம். ரோமர் ஆட்சியில் இருந்த எகிப்திலே பதினான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடுதோறும் மக்கள் கணக்கு எடுத்தனர். அக்காலத்துப் பாப்பிரசுத் தாள்களிலே கொப்ரெயுஸ், கொப்ரியா என்ற பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. பொருள்? சாணக் குப்பையிலிருந்து வந்தவன், வந்தவள்! எறியப்பட்ட குழந்தையைக் கண்டெடுத்ததால் வந்த பெயர் என்பார் சிலர். சாவை ஏய்க்க இட்ட பெயர் என்பார் சிலர். ஒலியும் ஒத்திருக்கிறதே என்று, குப்பன் கிரேக்கன் என்று கிளம்பிவிடாதீர்கள்! ஒலி ஒப்புமை தற்செயல். துன்பத்தின் ஒப்புமைதான் உண்மை. பஞ்சாபியர் பெயர்களை ஆராய்ந்து 1883இல் நூல் வெளியிட்ட டெம்பிள் என்பவர், பிள்ளையைக் காக்க இட்ட இழிபெயர்களை அங்கும் கண்டார். ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள், பிள்ளைகள் இறந்து இறந்து பிறந்த வீட்டிலே 'இனிச் சாகமாட்டான்' என்று பொருள்படும் கொகுமோ என்ற பெயரை இட்டனர். மருத்துவம் இல்லாத இடத்தில் மனிதன் பெயரை மருந்தாக்கினான்.

மருந்து வேலை செய்ததா? "குப்பையிலே போட்டதால்தானே பிழைத்தான்!" என்று கிழவிகள் சான்று கூறினர். பகுத்தறிவு என்ன கூறும்? பிழைத்த குப்பன்கள் வளர்ந்து நின்று சான்றாயினர். குப்பை என்று பெயரிட்ட பின்னும் மாண்ட குழந்தைகள் எத்தனை? அவை சான்று சொல்ல வரவில்லை. பெயர் வாங்கிய மறுவாரமே புதைகுழி சென்ற பிள்ளையை எந்தப் பதிவேட்டிலே காண்போம்? வென்றவனை மட்டும் எண்ணி, தோற்றவனை எண்ணாத கணக்கு கணக்காகாது. நேர்த்திக் கடன்களின் பெருமை யாவும் இந்தக் குறைக் கணக்கின்மேல் நிற்பதே!

இன்னும் கொடிது ஒன்று. மண்ணிலும் சாணத்திலும் இசிவு நோய்க் கிருமியின் வித்துகள் வாழ்கின்றன. அறுத்த கொப்பூழ்க்கொடியின் ஈரப் புண் வழியே அவை புகுந்தால் பச்சிளங்குழந்தை சில நாட்களிலே விறைத்து மாளும். பிறந்த குழந்தைகளைக் கொன்ற பெருநோய்களுள் அது ஒன்று. எமனை ஏய்க்கப் போன இடத்திலேயே எமன் காத்திருந்தான்! தாயின் அன்பு குறையுடையதன்று. அவளுக்கு அறிவு கிடைக்கவிடாத ஏற்பாடே குற்றவாளி.

பெயரின் வாலிலே சாதி

நோய்க்குச் சாதியில்லை. அம்மையும் பேதியும் அக்கிரகாரத்திலும் நுழைந்தன, சேரியிலும் நுழைந்தன. ஆகவே குப்பன் பெயரும் எல்லாத் தெருவிலும் உண்டு. தியாகராசரின் மாணவர் வீணை குப்பையர். துப்பறியும் புதினங்களால் புகழ்பெற்றவர் ஆரணி குப்புசாமி முதலியார். சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராய் இருந்தவர் குப்புசாமி சாஸ்திரி. வேர் ஒன்றே. வாலைப் பாருங்கள்! ஒருவருக்கு ஐயர், ஒருவருக்கு முதலியார், ஒருவருக்கு சாஸ்திரி. பண்ணையாளுக்கோ வெறும் 'ன்'. குப்புசாமி என்றே அவன் பெற்றோர் பெயரிட்டாலும் ஆண்டை வாயில் 'சாமி' வராது, "டேய் குப்பா!" என்றே வரும். சாவு எல்லோரையும் ஒன்றாக்கிற்று. சாதி மீண்டும் பிரித்து நிறுத்திற்று.

கப்பலேறிய தமிழனைப் பாருங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் நேட்டால் துறையை அடைந்தது. அதில் வந்த ஒப்பந்தக் கூலிகள் 342 பேர். 1911 வரை இவ்வாறு சென்ற இந்தியர் 1,52,000 பேருக்கு மேல். அவர்களிலே பெரும்பாலோர் சென்னை வழியே சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் என்று பேரேட்டிலே எழுதினர். உள்ளூர் வரலாற்றில் பெயர் பெறாத உழவன், அடிமைபோல் விற்கப்பட்ட அன்றுதான் ஆவணத்திலே பெயர் பெற்றான்! என்னே கொடுமை! அங்கே அவன் சொந்தப் பெயரே வழிவழிக் குடும்பப் பெயராக உறைந்தது. மொரீசியசிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்றும் கூப்பன், கூப்புசாமி என்ற குடும்பப் பெயர்கள் உண்டு. குப்பை மேட்டிலே புரண்டெழுந்த ஒரு தமிழ்க் குழந்தையின் நினைவு அங்கே வழக்கறிஞர் பெயரிலும் மருத்துவர் பெயரிலும் உலவுகிறது. இங்கே மட்டும் நாம் சிரிக்கிறோம்.

குப்பனை வழியனுப்பியது எது?

குப்பன் பெயர் ஏன் அருகிற்று? நாகரிகம் மாறிற்று என்பர். திரைப்படம் மாற்றிற்று என்பர். அவையும் உண்டு. ஆனால் அடிப்படை வேறு. 1971இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுள் 113 ஓராண்டுக்குள் இறந்தன. 2020இல் அந்த எண் 13. இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது. பிறந்த குழந்தையைக் கொல்லும் இசிவு நோய் ஒழிக்கப்பட்டதென 2015இல் உறுதி செய்யப்பட்டது. கிராமச் செவிலியின் ஊசியும், கொதிநீரில் இட்ட கத்தியும், மருத்துவமனைப் பேறும் குப்பை மேட்டை வென்றன. எந்தத் தெய்வத்துக்கும் வேண்டுதல் கூடியதால் இது நிகழவில்லை. அறிவு பரவியதால் நிகழ்ந்தது. சாவு குறைந்தது, சாவை ஏய்க்கும் பெயருக்கும் வேலை குறைந்தது.

ஆனால் எல்லாப் பெயரும் இப்படி நல்வழியில் மறையவில்லை. 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்றும் பெண்களுக்குப் பெயரிட்டனர் நம் நாட்டிலே. குப்பன் என்பது பிள்ளை வேண்டும் என்ற ஏக்கம். போதும்பொண்ணு என்பது பெண் வேண்டாம் என்ற வெறுப்பு. அந்தப் பெயர் இன்று அருகிவிட்டது, வெறுப்பு அருகிற்றா? பெண் சிசுக்களைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்டது. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 943. பெயரிலே எழுதிய வெறுப்பை இன்று எண்ணிலே எழுதுகிறார்கள்!

சாதி வால் அறுந்த கதையும் நம் ஊர்க் கதையே. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது இதே செங்கற்பட்டில். தலைமை தாங்கியவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின் சாதிப் பட்டம் வேண்டாம் என்றும், பெண்ணுக்குச் சொத்தில் ஆணோடு சம உரிமை வேண்டும் என்றும் அங்கே தீர்மானித்தனர். அன்று நகைத்தோர் பலர். இன்று நம் பள்ளிப் பதிவேட்டைத் திறந்தால், தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே உண்டு. ஓரகடத்துத் தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞனின் கழுத்திலே தொங்கும் அட்டையைப் பார்த்து அவன் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. சாதி போய்விட்டதா? இல்லை, சான்றிதழிலும் சுடுகாட்டிலும் திருமணத்திலும் இருக்கிறது. ஆனால் வாய் திறந்து பெயர் சொன்ன நொடியிலேயே தாழ்த்தப்படும் இழிவு குறைந்தது. அது தானாக வந்ததன்று. மனிதர் கூடித் தீர்மானித்து வந்தது.

ஆக, குப்பன் பெயரின்மேல் மூன்று சுமைகள் இருந்தன. சாவின் சுமையை மருத்துவம் இறக்கிற்று. சாதியின் சுமையை இறக்கும் வேலையைச் செங்கற்பட்டு மாநாடு தொடங்கிற்று. மூன்றாவது சுமை ஏளனம். அதை ஏற்றியவர்கள் நாம். இறக்க வேண்டியவர்களும் நாமே.

மறுநாள் வகுப்பிலே, மேலே எழுதியவற்றை எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். முதல்நாள் சிரித்ததற்கு அந்தச் சிறுவனிடம் எல்லோர் முன்னிலும் வருத்தம் தெரிவித்தோம். பிறகு கேட்டோம்: "உங்கள் வீட்டிலே இப்படிப் பெயர் உடையவர் யாரேனும் உண்டா?" முதலில் அமைதி. பின் ஒரு பெண் கை தூக்கினாள். "எங்கள் ஆயா பேரு குப்பம்மா, சார்." மற்றொருவன் கை உயர்ந்தது, "எங்க தாத்தா பிச்சை." இன்னொரு கை, மற்றும் ஒரு கை. எவரும் சிரிக்கவில்லை. அந்தச் சிறுவன் பேனாவை எடுத்து வெற்றிடத்தை நிரப்பினான். நிரப்பிவிட்டு ஒரு கேள்வி கேட்டான்: "சார், தாத்தாவுக்கு முன்னாடி செத்துப்போன பிள்ளைங்க பேரை எங்கே எழுதறது?"

அதற்குக் கட்டமில்லை, தோழர்களே. நாம் போட்டுக் கொடுத்த மரத்திலேயே அந்தக் கிளை இல்லை. ஒரு கோடு வரைந்து, பெயரில்லாமலே விடச் சொன்னோம்.

உங்கள் வீட்டு முதியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் பெயர் வந்த கதையை எழுதி வையுங்கள். அடுத்த முறை எவரேனும் "குப்பனும் சுப்பனும்" என்று ஏளனம் பேசினால், எழுந்து நின்று சொல்லுங்கள்: "ஆம், நான் குப்பனின் பேரன்!"